இளையராஜாவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. பாட்டு ஏற்றுவது! யாராவது ஒரு நண்பர் பென் டிரைவ் கொண்டு வருவார். அதில் "ராஜா ஹிட்ஸ்" என்று ஒரு போல்டர் இருக்கும். மூன்றாயிரம், நான்காயிரம் பைல்கள். காப்பி, பேஸ்ட் செய்து முடித்ததும் பெரிய சொத்து கிடைத்தது போல இருக்கும். ஆனால் மூன்றாவது வாரம் அந்தப் போல்டரை யாரும் திறப்பதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. நாங்கள் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருக்கிறோம். அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஒரு பென் டிரைவில் இருந்த பாடல்களை ஏற்றிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, இது எப்பப் போட்டாலும் 'ஏ' எழுத்துப் பாட்டாவே பாடுது. மிச்சமெல்லாம் எங்க?"

அவர் சொன்னது சரி. பைல்கள் ஆங்கில அகர வரிசையில் அடுக்கியிருந்தன. தினமும் முதலில் இருந்து ஓட விட்டால், தினமும் அதே இருபது பாட்டுதான் வரும். சாப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர். இது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

இளையராஜா இசையமைத்த படங்கள் ஆயிரத்துக்கும் மேல். பாடல்கள் ஏழாயிரத்துக்கும் மேல். ஒரு பாட்டு சராசரியாக 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 7,000 பாட்டுக்கு 35,000 நிமிடம். அதாவது சுமார் 583 மணி நேரம். இடைவிடாமல் ஓட விட்டால் 24 நாட்களுக்கு மேல் ஆகும். தாம்பரத்தில் இருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் மட்டும் கேட்பது என்று முடிவு செய்தால், ஒரு நாளும் தவறாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல் ரயில் ஏற வேண்டும்!

இடம் ஒரு பிரச்சினையே இல்லை. 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 பைல், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. எல்லாம் சேர்த்து 35 ஜிபி. இன்றைய சின்னப் பென் டிரைவிலேயே அடங்கிவிடும். ஹார்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறது. நம் காதுக்குத்தான் நேரம் இல்லை. எனவே எவ்வளவு சேர்ப்பது என்று யோசிக்க வேண்டாம். எங்கே தொடங்குவது என்று யோசிப்போம்.

பாட்டாக வேண்டாம், படமாகக் கேளுங்கள்

அமெரிக்காவில் கன்ட்ரி இசை கேட்பவர்களுக்கும் இதே திண்டாட்டம் உண்டு. ஜானி கேஷ், வில்லி நெல்சன் போன்றவர்கள் ஐம்பது ஆண்டு அளவுக்குப் பாடிக் குவித்தவர்கள். அங்கே புதியவர்களுக்கு ஆல்பம் ஆல்பமாகக் கேட்கச் சொல்வார்கள். ஜானி கேஷ் 1968ல் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடிய ஆல்பம், வில்லி நெல்சனின் 1975 ஆல்பமான ரெட் ஹெட்டட் ஸ்ட்ரேஞ்சர் என்று ஒன்றிரண்டைக் கையில் கொடுப்பார்கள்.

நமக்கு ஆல்பம் என்பது படம்தான். ஒரு கதைக்கு, ஒரு ஊருக்கு, ஒரு நேரத்தில் போட்ட நான்கைந்து பாடல்களைச் சேர்த்துக் கேட்டால்தான் இசையமைப்பாளர் என்ன நினைத்தார் என்பது பிடிபடும். பென் டிரைவ் போல்டரில் ஒரே படத்தின் பாடல்கள் நூறு இடத்தில் சிதறிக் கிடக்கும்.

தொடங்க 10

1. அன்னக்கிளி (1976): முதல் படம். வாய்ப்புக் கொடுத்தவர் பஞ்சு அருணாசலம். அந்த நாட்களில் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் ஆராதனா, பாபி என்று இந்திப் பாட்டுகள்தான் ஒலித்தன. பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் நம் கிராமத்து மெட்டை முழு வாத்தியக் குழுவோடு கொண்டு வந்தார். தொடக்கம் இதுதான் என்பதால் இங்கேயே தொடங்குங்கள்.

2. 16 வயதினிலே (1977): பாரதிராஜாவின் முதல் படம். இதில் பாடியதற்காக எஸ்.ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. மலேசியா வாசுதேவனைத் தமிழ்நாடு கவனித்ததும் இந்தப் படத்தில்தான்.

3. ஜானி (1980): ஐந்து பாட்டு, ஐந்து வெவ்வேறு குரல்கள். ஜானகி, சுஜாதா, எஸ்.பி.ஷைலஜா, ஜென்சி, எஸ்.பி.பாலசுப்ரமணியம். "கிராமத்து மெட்டு மட்டும்தான் போடுவார்" என்று சொல்பவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள்.

4. முதல் மரியாதை (1985): மறுபடியும் கிராமம். ஆனால் அன்னக்கிளியின் துள்ளல் இல்லை, வயதானவரின் மனசு. புல்லாங்குழலை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள்.

5. சிந்து பைரவி (1985): கர்நாடக இசைக்கான வாசல். இதில் சித்ரா பாடி தேசிய விருது வாங்கிய பாட்டு, நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கி தியாகராஜர் கிருதியில் போய் முடியும். காம்போதி ராகத்தில் பாடப்படும் அந்தக் கிருதியை இளையராஜா சாரமதிக்கு மாற்றி அமைத்தார். இந்தப் படத்துக்காக அவருக்கும் தேசிய விருது கிடைத்தது.

6. புன்னகை மன்னன் (1986): நம் பத்திரிகை வாசகர்கள் தவற விடக் கூடாத படம். கம்ப்யூட்டர் சீக்வென்சரை வைத்து இசை அமைத்த முன்னோடிப் படம் இது. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் நுழையப் பல ஆண்டுகள் முன்பே தமிழ்ப் பாட்டுக்குள் நுழைந்துவிட்டது!

7. ஹவ் டு நேம் இட் (1986): சினிமா இல்லை, பாடல் வரிகளும் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வி.எஸ்.நரசிம்மனின் வயலினைக் கேளுங்கள். இதன் பகுதிகளைத்தான் பாலு மகேந்திரா தன் வீடு (1988) படத்துக்குப் பின்னணி இசையாகப் பயன்படுத்தினார்.

8. கரகாட்டக்காரன் (1989): நாதஸ்வரமும் தவிலும் முன்னால் நிற்கும் படம். சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம். நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

9. தளபதி (1991): மணிரத்னமும் இளையராஜாவும் சேர்ந்து செய்த கடைசிப் படம். பிபிசி உலக சேவை 2002ல் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் பாடல்களுள் ஒன்றாக இதன் பாட்டு ஒன்று இடம் பிடித்தது.

10. திருவாசகம் (2005): மாணிக்கவாசகர் பாடல்களை, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு சேர்த்துத் தந்த ஆரட்டோரியோ. 2025 மார்ச் 8ல் லண்டனில் அவர் அரங்கேற்றிய வேலியண்ட் சிம்பொனிக்குப் போகும் வழி இதில் தெரியும்.

ஒரு வாரத்துக்கு ஒன்று என்று கேளுங்கள். இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் எந்தப் பக்கம் மேலும் போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கிராமத்துப் பக்கமா, ராகப் பக்கமா, வயலின் பக்கமா என்பது அவரவர் விருப்பம்.

பாடல்களை எங்கே பெறுவது? பணம் கட்டிக் கேட்கும் இசைத் தளங்கள் இருக்கின்றன. யூடியூபில் இசை நிறுவனங்களின் சொந்த சேனல்கள் இருக்கின்றன. உங்களிடம் ஒரிஜினல் சிடி இருந்தால், ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவை இணைத்து மீடியா பிளேயரில் உள்ள "ரிப் சிடி" பட்டனை அழுத்துங்கள். முன்பின் தெரியாத தளங்களில் "ஃப்ரீ டவுன்லோட்" என்று மின்னும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். பாட்டோடு வைரசும் சேர்ந்து வரும்.

அடுக்கி வைப்பது எப்படி?

பைல்களாக வைத்திருப்பவர்களுக்கு இதோ சில வழிகள்.

முதலில், ஒரு படத்துக்கு ஒரு போல்டர். பெயரின் முன்னால் ஆண்டைப் போடுங்கள். "1976 அன்னக்கிளி", "1977 16 வயதினிலே" என்று வைத்தால் விண்டோஸ் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். போல்டர் பெயரைத் தமிழிலேயே டைப் செய்யலாம். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் விவரங்கள். ஒரு படத்தின் எல்லாப் பாடல்களையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, புராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போங்கள். ஆண்டையும் ஆல்பம் பெயரையும் ஒரே தடவையில் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடலாம்.

ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம்? "விக்ரம்" என்று தேடிப் பாருங்கள். 1986ல் வந்த விக்ரமுக்கு இசை இளையராஜா. 2022ல் வந்ததற்கு அனிருத். மாப்பிள்ளை 1989லும் வந்தது, 2011லும் வந்தது. காக்கிச் சட்டை 1985, 2015 என்று இரண்டு. ஆண்டு இல்லாவிட்டால் குழப்பம்தான்.

மூன்றாவது, இசையமைப்பாளர் பெயரைச் சரி பாருங்கள். "ராஜா ஹிட்ஸ்" என்று வருவதில் எண்பதுகளின் மற்ற இசையமைப்பாளர்கள் பாட்டும் கலந்திருக்கும். மெல்லத் திறந்தது கதவு (1986) போன்ற படத்துக்கு எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா என்று இருவர் பெயரையும் போட வேண்டும். ஒருவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவது சரியல்லவே!

ஒரு கேசட் மட்டும் மிஞ்சியது

இந்த "படம் படமாக" என்ற யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் இருநூறுக்கும் மேல் கேசட்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடையில், தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் படம், ஆண்டு, பாடியவர் என்று பால் பாயின்ட் பேனாவில் அவரே எழுதி வைத்திருப்பார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறியது. நான் அப்போது இன்ஜினியரிங் முதலாண்டு. தண்ணீர் வடிந்த பிறகு கேசட் பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றிலும் சேறு. அட்டைகளில் இருந்த எழுத்து கரைந்து போயிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். அதன் பிறகு வீட்டில் பாட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டார்.

'ஏ' எழுத்துப் பாட்டு விவகாரத்தைச் சேலையூரில் இருக்கும் அத்தையிடம் சொல்லிச் சிரித்தபோது, அவர் பீரோவில் இருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். என்றோ இரவல் வாங்கியதாம். 60 நிமிட டேப். ஏ பக்கம் முழுக்க முதல் மரியாதை, பி பக்கம் முழுக்க சிந்து பைரவி. இரண்டும் 1985. அப்பா கையெழுத்து அப்படியே இருந்தது. அவர் அன்றைக்கே ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார். குழப்பியது நான்!

உங்கள் வீட்டிலும் பழைய கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் ஓட்டையில் இருந்து 3.5 மிமீ ஒயர் மூலம் கம்ப்யூட்டரின் லைன் இன் ஓட்டைக்கு இணைப்புக் கொடுங்கள். லேப்டாப்பில் அந்த ஓட்டை இல்லை என்றால், லைன் இன் வசதி உள்ள யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் பதிவு செய்யலாம். பதிவுக்கு முன் டேப்பை ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள். ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுதாகப் பதிந்துவிட்டு, பிறகு பாட்டுப் பாட்டாகப் பிரியுங்கள். அட்டையையும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து அதே போல்டரில் வையுங்கள். அது மிக முக்கியம்.

கடைசியாக, பேக்அப். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது ஆன்லைனில். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அதே மேஜையில் வைத்தால் அது பேக்அப் இல்லை. எங்களுடையது இப்போது சேலையூரில், அத்தை வீட்டு மாடியில் இருக்கிறது.

அப்பாவுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். ஆண்டு, படம், பாடியவர், எழுதியவர், குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். ஒரு விரலால்தான் டைப் செய்கிறார். இதுவரை 43 படங்கள் ஏறியிருக்கின்றன. பெரும்பாலும் குறிப்புக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார். முதல் மரியாதைக்கு நேராக மட்டும் எழுதியிருக்கிறார்: "கேசட்டில் இருந்த அதே சத்தம்."

நீங்களும் இன்றைக்கே ஒரு போல்டர் திறந்து, "1976 அன்னக்கிளி" என்று பெயர் வையுங்கள். அதில் இருந்து தொடங்குங்கள்.