வீட்டுக் கணினியில் புழு: களைவது எப்படி?

புதுதில்லி: இணையம் வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் பரவும் கணினிப் புழு, உரிமையாளர் அறியாமலேயே வீட்டுக் கணினியைப் பிறரது ஏவலாளாக மாற்றிவிடுகிறது. 2008 நவம்பரில் தலைகாட்டிய 'கான்ஃபிக்கர்' இதற்குச் சான்று. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் இரையாயின.

வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் இணையதளங்களை இப்புழு திறக்கவிடாமல் மறித்தது. இத்தகைய நிலையில், முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பாதிப்பில்லாத வேறொரு கணினியில் திருத்தத்தையும் நீக்கும் கருவியையும் பதிவிறக்கி, குறுந்தகட்டில் எடுத்துவர வேண்டும். திருத்தத்தை நிறுவாமல் புழுவை மட்டும் அகற்றினால், அது வந்த வழியே திரும்பும். பென் டிரைவ் தானாக இயங்கும் வசதியை நிறுத்துவதும், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களை மாற்றுவதும் அவசியம்.

நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்க, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா'வைத் தொடங்கியது. 'செர்ட்-இன்' அமைப்பு நடத்தும் இம்மையம், பாதிக்கப்பட்ட கணினிகள் குறித்து இணையச் சேவை நிறுவனங்கள் மூலம் உரியவர்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கைக்குப் பிறகும் புழுவை விட்டுவைத்தால், பாதிப்பு அந்த வீட்டோடு நிற்பதில்லை. பிறர் மீதான தாக்குதலுக்கும் அக்கணினியே கருவியாகும்.