சாவி யார் கையில்?

காரியாலயக் கூட்டங்களைக் காணொளி மூலம் நடத்துவது இந்நாளில் சாதாரண வழக்கமாகிவிட்டது. அதற்கு எந்தச் செயலியைத் தெரிந்தெடுப்பது என்று யோசிக்கும் நிர்வாகிகள் பெரும்பாலும் இரண்டே விஷயங்களை விசாரிக்கிறார்கள். விலை என்ன? பிறர் எதை உபயோகிக்கிறார்கள்? இவை கேட்க வேண்டியவையே. ஆயினும் இவற்றினும் முக்கியமான கேள்வியொன்று உண்டு. கூட்டத்தில் பேசப்படும் அந்தரங்கத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே அது.

இக்கேள்வியின் அவசியத்தை 2020-ஆம் வருஷம் நன்கு உணர்த்திற்று. 2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் நாளொன்றுக்குக் கலந்துகொண்டோர் கணக்கு சுமார் 1 கோடி. கொள்ளைநோய் பரவிய 2020 ஏப்ரலில் அது 30 கோடியாயிற்று. அந்த ஏப்ரலிலேயே இந்திய சர்க்காரின் உள்துறை இலாகா, அச்செயலி பத்திரமானதன்று என்றும், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அதை அலுவலுக்குப் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரித்தது. நவம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தகக் கமிஷன், பேசுவோரைத் தவிர வேறெவரும் திறக்க முடியாதபடி பேச்சு பூட்டப்படுவதாக அக்கம்பெனி 2016 முதலேனும் சொல்லிவந்தது மெய்யன்று, சாவி கம்பெனியிடமே இருந்தது என்று குற்றஞ்சாட்டிற்று. பாதுகாப்பு முறைகளைச் சீர்செய்வதாகக் கம்பெனி உடன்பட்டது. அத்தனை கோடி ஜனங்களின் ஆதரவு, விளம்பரச் சொல்லை உண்மையாக்கிவிடவில்லை!

பிரபலமான செயலிகள் யாவும் பேச்சைப் பூட்டியே அனுப்புகின்றன. வித்தியாசம் சாவியில்தான் இருக்கிறது. ஒரு முறையில் கம்பெனியின் யந்திரத்திலேயே பூட்டைத் திறக்க முடியும். மற்றொரு முறையில் சாவி கூட்டத்தில் கலந்துகொள்வோரின் கருவிகளில் மட்டுமே இருக்கும். ஜூம் இந்த இரண்டாம் முறையை 2020 அக்டோபரில் அளிக்கத் தொடங்கியது. ஆனால் அதை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். இயக்கினால் கம்பெனியின் யந்திரத்தில் கூட்டத்தைப் பதிவுசெய்வதும், சாதாரண டெலிபோன் மூலம் சேர்வதும் இயலாமற் போகும். ஆகவே அன்றாட அலுவலுக்கு ஒரு முறையையும், சம்பளம், ஒப்பந்தம், ஒழுங்கு நடவடிக்கை முதலியவற்றுக்கு மற்றதையும் கையாள்வதே விவேகம்.

ஜிட்ஸி போன்ற திறந்த மூலநிரல் செயலியைச் சொந்த யந்திரத்திலேயே நிறுவிக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஊழியர் வேண்டும். காவலாளி இல்லாத சொந்தக் கோட்டையால் பயனென்ன?

2020-இல் இந்திய சர்க்கார் நடத்திய போட்டியில் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்ஷியா கம்பெனியின் செயலி பரிசு பெற்றது. சுதேசித் தொழில் வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் கம்பெனி நம் நாட்டது என்னும் காரணத்தால் சாவியைப் பற்றி விசாரிக்காமல் விட்டுவிடலாகாது.

செயலியைத் தெரிந்தெடுப்பவர் நிர்வாகி. அதில் பேசுபவரோ குமாஸ்தா. தமது நோயையும், குடும்பக் கஷ்டத்தையும், விடுப்புக்கான காரணத்தையும் அவர் அங்கே நம்பிச் சொல்கிறார். அந்த நம்பிக்கைக்கு நிர்வாகியே பொறுப்பாளி. ஆதலால் பணம் செலுத்துமுன் சாவி யாரிடம் என்று எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெறுவது அவர் கடமையாகும்.