காந்தாரத்தில் வந்து சட்ஜத்தில் போகும் வண்டி

வாலாஜா ரோடு நிலையத்தில் டீ விற்கிறவர் என்னைப் பார்ப்பது அது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க சார்?"

"யாரையும் இல்லண்ணே. வண்டி பாக்க வந்தேன்."

"எந்த வண்டி?"

"நிக்காமப் போற வண்டி."

கிளாஸை நீட்டியபடி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நிற்கிற வண்டியில் ஏறத்தான் மனிதர்கள் நிலையத்துக்கு வருவார்கள். நிற்காத வண்டிக்காக ஒருவன் காலை வெயிலில் வந்து உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வருவது நியாயம்தான்.

இந்த நிலையத்துக்கு வேடிக்கை பார்க்கிறவர்கள் புதியவர்களாக இருந்திருக்க முடியாது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி, சுமார் 100 கிலோமீட்டர் ஓடி வந்து சேர்ந்த இடம் இதுதான். அன்று ஏறி வந்தவர்களைவிட, புகை கக்கும் அந்த இரும்பைப் பார்க்கக் கூடியவர்களே அதிகமாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான் அவர்கள் வாரிசு. என் ஆயுதங்கள்: ஒரு பிளாட்பாரம் டிக்கெட், ஒரு நோட்டு, நொடி முள் உள்ள கைக்கடிகாரம், கேமரா உள்ள செல்போன். இவற்றைவிட முக்கியமான கருவி ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டில் ஏறும் எண்கள்

ரயில் ஆர்வலரின் முதல் பழக்கம் எண் எழுதுவது. 1942-இல் இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் இயன் ஆலன் என்ற இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லா எஞ்சின்களின் எண்களையும் ஒரு கையடக்கப் புத்தகமாகப் போட்டுவிட்டார். அது விற்ற வேகத்தில், நோட்டும் பென்சிலுமாகப் பிளாட்பார முனைகளில் நிற்கும் ஒரு தலைமுறைப் பையன்கள் உருவானார்கள்.

வெறும் எண்ணில் என்ன இருக்கிறது? படிக்கத் தெரிந்தால் ஜாதகமே இருக்கிறது. நம் விரைவு வண்டிகளை இழுக்கும் 'டபிள்யூ ஏ பி-7' எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 'டபிள்யூ' என்றால் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. 'ஏ' என்றால் மாறுதிசை மின்சாரம், அதாவது தலைக்கு மேல் ஓடும் கம்பியின் 25,000 வோல்ட். 'பி' என்றால் பயணிகள் வண்டி. அந்த இடத்தில் 'ஜி' இருந்தால் சரக்கு வண்டி. இரண்டாம் எழுத்து 'டி' என்றால் டீசல். ஆர்வலர்கள் இதையெல்லாம் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். 'வாப் செவன்', 'வேக் நைன்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்.

எஞ்சினின் உடம்பில் அதன் தாய்வீடும் எழுதியிருக்கும்: ராயபுரம் ஷெட், அரக்கோணம் ஷெட், ஈரோடு ஷெட். எந்த வண்டிக்கு எந்த ஷெட்டின் எஞ்சின் என்று ஒரு முறை உண்டு. அதற்கு 'லிங்க்' என்று பெயர். ஏதோ காரணத்தால் முறை தவறி, சம்பந்தமில்லாத ஷெட்டின் எஞ்சின் மாட்டிக்கொண்டு வந்தால் அது 'ஆஃப்லிங்க்'. கல்யாண வீட்டில் எதிர்பாராத தூரத்து உறவினரைக் கண்ட சந்தோஷம் அது. அன்று நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதுவேன்.

பெட்டிகளுக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் எழுதிய எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது கட்டப்பட்ட ஆண்டு. 18 என்று தொடங்கினால் 2018. அடுத்த பயணத்தில் உங்கள் பெட்டியின் வயதைக் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஊர் போய்ச் சேரும்வரை வேறு விளையாட்டுத் தேவைப்படாது.

செக் நாட்டு இசைமேதை அன்டோனின் ட்வோர்ஷாக்கிற்கும் இந்தப் பித்து இருந்தது. பிராகா ரயில் நிலையத்தில் எஞ்சின்களைப் பார்ப்பது அவருடைய அன்றாடக் காரியம். ஒருநாள் போக முடியாமல் தன் மாணவர் யோசெஃப் சுக்கை எண் எழுதிவர அனுப்பினாராம். அவர் எஞ்சினை விட்டுவிட்டு, பின்னால் கரி சுமந்து வரும் டெண்டரின் எண்ணை எழுதிவந்து குட்டு வாங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். சுக் பிற்பாடு அவருக்கு மருமகனே ஆனார் என்பதால் கோபம் நீடித்திருக்காது. இசைக்காரருக்கு ரயில் பிடித்ததில் எனக்கு வியப்பே இல்லை. நான் சொன்ன முக்கியமான கருவி காதுதான்.

ஊதலில் ஒரு ஸ்வர பாடம்

நிற்காத வண்டி ஒன்று ஊதிக்கொண்டே வந்து, உங்களைக் கடந்து, ஊதிக்கொண்டே போகிறது. கடக்கும் அந்தக் கணத்தில் ஊதலின் சுருதி சட்டென்று கீழே இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஓட்டுநர் எதையும் மாற்றவில்லை. மாறியது ஒலி அலைகளின் நெருக்கம்.

கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர் போகும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் எஞ்சின் நொடிக்குச் சுமார் 31 மீட்டர் ஓடுகிறது. ஒரு நொடியில் ஊதல் எழுப்பிய அலைகள் எல்லாம் 349 மீட்டரில் பரவ வேண்டியவை. எஞ்சின் தன் அலைகளையே துரத்திக்கொண்டு முன்னேறுவதால், அவை முன்பக்கம் 318 மீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. பின்பக்கம் 380 மீட்டருக்கு நீண்டுவிடுகின்றன. நெருங்கிய அலை உயர்ந்த சுருதி, நீண்ட அலை தாழ்ந்த சுருதி.

இப்போது 380-ஐ 318-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1.2 வரும். கர்நாடக இசையில் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதம் 6:5. அதுவும் 1.2 தான்! மணிக்கு 110-லிருந்து 115 கிலோமீட்டரில் நம்மைக் கடக்கிற ஒவ்வொரு வண்டியும் சாதாரண காந்தாரத்தில் வந்து சட்ஜத்தில் போகிறது.

வேகம் மாறினால் ஸ்வரமும் மாறும். போகும் சுருதியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், சுமார் 40 கிலோமீட்டரில் வருவது சுத்த ரிஷபம். 74-இல் சதுச்ருதி ரிஷபம். 140-ஐத் தொட்டால் அந்தர காந்தாரம். எஞ்சின் ஹாரன்களின் அசல் சுருதி எதுவாக இருந்தாலும் கவலையில்லை. விகிதம் ஒன்றேதான். பாட்டுக் கற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டே வண்டியின் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

இன்னொரு நயமும் உண்டு. பிளாட்பாரத்தில், தடத்துக்குப் பக்கத்தில் நின்றால் இறக்கம் கத்தி வெட்டியது போல் நடக்கும். 150 மீட்டர் தள்ளி, வயல் வரப்பில் நின்று கேட்டால் அதே இறக்கம் பல நொடிகளுக்கு இழுத்துக்கொண்டு, வீணையில் விரலை வழுக்கிப் பிடிக்கும் ஜாரு போல் இறங்கும்.

கிறிஸ்டியன் டாப்ளர் இந்த விளைவை 1842-இல் சொன்னபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை. நெதர்லாந்தின் பைஸ் பாலட் அதைச் சோதிக்க 1845-இல் தேர்ந்தெடுத்த கருவி ரயில்தான். அந்தக் காலத்தில் அதைவிட வேகமாக ஓடுகிற பொருள் வேறென்ன இருந்தது? வண்டியில் ஊதுகொம்புக் கலைஞர்கள், உத்ரெக்ட் அருகே தடத்தோரம் சுருதி சுத்தமான காதுள்ள இசைக்காரர்கள். முதல் முயற்சியைக் குளிர்காலம் கெடுத்தது. ஜூன் மாதத்தில் மறுபடி நடத்தினார்கள். வரும்போது சுருதி கூடியது, போகும்போது குறைந்தது. டாப்ளர் ஜெயித்தார். வடகிழக்குப் பருவமழை நாட்களில் தொலைக்காட்சி சொல்லும் 'டாப்ளர் ரேடார்' அதே டாப்ளர்தான். ஊதலுக்குப் பதில் ரேடியோ அலை, எஞ்சினுக்குப் பதில் மழைத்துளி.

கடிகாரம் சொல்லும் சாட்சி

காது சொன்னதைக் கடிகாரத்தால் சரிபார்ப்பது என் வழக்கம். புதிய வகை எல்எச்பி பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்தால் சுமார் 548 மீட்டர். எஞ்சின் மூக்கு என்னைத் தாண்டுவதிலிருந்து கடைசிப் பெட்டியின் 'எக்ஸ்' குறி தாண்டும்வரை 18 நொடி ஆனால் வேகம் 110. காந்தாரம் பொய் சொல்லவில்லை.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒருகாலத்தில் இப்படி ஒரு கணக்கு இருந்தது. தண்டவாளங்கள் 13 மீட்டர் துண்டுகளாக இருந்த காலத்தில், 47 நொடியில் எத்தனை இணைப்புகளைச் சக்கரம் தட்டுகிறதோ அதுவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். இன்று தண்டவாளங்களை நெடுநீளத்துக்குப் பற்றவைத்துவிட்டார்கள். தாலாட்டும் போயிற்று, கணக்கும் போயிற்று. ஆனாலும் எங்காவது ஓர் இணைப்பு மிச்சமிருந்தால் அதன் பக்கத்தில் நின்று கேளுங்கள். 'தடக்-தடக், தடக்-தடக்' என்ற நான்கு தட்டுகளில் முதல் இரண்டு முன்பெட்டியின் கடைசி அச்சுகள், அடுத்த இரண்டு பின்பெட்டியின் முதல் அச்சுகள். நடுவில் வரும் மௌனம்தான் பெட்டியின் நீளம்.

காதுக்கு இன்னொரு விருந்தாக இருந்தது ஆல்கோ. 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாராணசியில் நம்மவர்களே கட்டிய டீசல் எஞ்சின் குடும்பம். கிளம்பும்போது அது கறுகறுவென்று புகை கக்குவது படம் எடுக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். அந்தப் புகை டர்போசார்ஜரின் சோம்பலால் வருவது. ஓட்டுநர் விசைப்பிடியை ஒரு படி ('நாட்ச்') உயர்த்தியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும். காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அதுவரை காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த கரிதான் அந்த மேகம். மின்மயமாகிவிட்ட நம் தடங்களில் இன்று ஆல்கோவைக் காண்பது அரிது. கண்டுவிட்டால், நாங்கள் படத்தை மறந்து ஒலிப்பதிவை அழுத்துவோம்.

ஆனி வெயில், மார்கழி வெயில்

படம் எடுப்பதற்கும் கொஞ்சம் வானசாஸ்திரம் வேண்டும். இந்தத் தடம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் சென்னையிலிருந்து வரும் வண்டி முதுகில் வெயிலும் முகத்தில் நிழலுமாக வரும். சென்னைக்குப் போகும் வண்டியின் முகம்தான் ஜொலிக்கும். மாலையில் எல்லாம் தலைகீழ். நாம் நிற்க வேண்டிய பக்கத்தைச் சூரியனின் அயனம் தீர்மானிக்கிறது. ஆனியில் வெயில் தடத்தின் வடபக்கம், மார்கழியில் தென்பக்கம். ஆறு மாதத்துக்கொரு முறை நான் பிளாட்பாரம் மாறுவதைப் பார்த்து டீக்கடைக்காரர் என்ன நினைப்பாரோ.

110-இல் ஓடும் எஞ்சின் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அறுபதில் ஒரு பங்கு நொடியில் அரை மீட்டர். ஆகவே கூர்மையான படத்துக்கு ஷட்டர் மிக வேகமாக இருக்க வேண்டும். அல்லது ஷட்டரைத் தாழ்த்தி, எஞ்சினோடு சேர்த்துக் கேமராவையும் சீராகத் திருப்ப வேண்டும். அப்போது எஞ்சின் நின்றுவிடும், பனைமரங்கள் ஓடிவிடும். செல்போனில் பக்கவாட்டாக எடுத்த ரயில் சாய்ந்து தெரிவது ஏன் என்று கேட்பார்கள். பல செல்போன்களின் உணர்வி படத்தை ஒரேயடியாகப் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. சாய்ந்த பெட்டி என்பது காலமே படத்தில் விழுந்த தடம்.

ஒரு படத்துக்காக உயிரைக் கொடுக்காதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலைய மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றாலே போதும். தடத்தில் இறங்குவது 1989 ரயில்வே சட்டப்படி குற்றம். நின்றிருக்கும் சரக்கு வண்டி மேல் ஏறி செல்ஃபி எடுக்கப்போனால், கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 25,000 வோல்ட் காற்றில் தாவி வந்து பிடித்துக்கொள்ளும்.

நிற்பவர் பங்கு

சென்ற வாரம் டீக்கடைக்காரரை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். தூரத்தில் முகப்பு விளக்கு தெரிந்தது. "இப்ப கேளுங்கண்ணே" என்றேன். ஊதல் வந்தது, இறங்கியது, போனது. பதினெட்டு நொடி. தூசி அடங்கியதும் சொன்னார்: "முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன். இது தெரியல பாருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ள இருக்கறவங்களுக்கும் இப்படித்தான் கேக்குமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. கேட்காது. வண்டியில் இருப்பவர் ஊதலோடு சேர்ந்தே ஓடுகிறார். அவருக்கு அலை நெருங்குவதும் இல்லை, நீள்வதும் இல்லை. சென்னை முதல் ஜோலார்பேட்டை வரை ஒரே சுருதிதான். ஊதுகிற ஓட்டுநரே அந்தக் காந்தாரத்தைக் கேட்டிருக்க மாட்டார்.

"அப்ப அது நமக்கு மட்டுந்தானா?" என்றார். அடுத்த வண்டிக்கு எத்தனை நிமிடம் என்று அவரே கடிகாரத்தைப் பார்த்தார்.