முதல் கை யாருடைய கை?

"இந்த வேலைக்குச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்!"

கிராம சபையில் இப்படிக் கேட்பது உண்டு. கைகளை எண்ணுவார்கள். எந்தப் பக்கம் கை அதிகமோ, அதுவே தீர்மானம்.

இதில் சூது எதுவும் இல்லை. ஆனாலும், எதை முதலில் கேட்கிறோம், யாரை முதலில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும்!

எப்படி?

மூன்று தெரு, மூன்று ஆசை

சென்னையில் இருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், பெரியபாளையம் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது புதுவாயல். சுற்று வட்டாரத்தில் தொழிற்சாலைகள். ஓயாமல் லாரிகள். இதுபோன்ற ஊர்களில் தண்ணீரும் வேண்டும், விளக்கும் வேண்டும், கால்வாயும் வேண்டும். பணமோ ஒரு வேலைக்குத்தான் இருக்கும்.

ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் மூன்று தெருக்கள் என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்கு 40 பேர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள்.

கீழத்தெருவுக்கு முதல் ஆசை தண்ணீர்த் தொட்டி. அது இல்லை என்றால் விளக்கு. கடைசியில்தான் கால்வாய்.

நடுத்தெருவுக்கு முதலில் விளக்கு. பிறகு கால்வாய். அதன் பிறகே தொட்டி.

மேலத்தெருவுக்கு முதலில் கால்வாய். பிறகு தொட்டி. கடைசியில் விளக்கு.

முதலில் "தொட்டியா, விளக்கா?" என்று கேட்டால், கீழத்தெருவும் மேலத்தெருவும் சேர்ந்து தொட்டிக்குக் கை தூக்கும். 80-க்கு 40. விளக்கு அவுட்! அடுத்து "தொட்டியா, கால்வாயா?" இப்போது நடுத்தெருவும் மேலத்தெருவும் ஒன்று சேரும். கால்வாய் ஜெயித்துவிடும்.

அதே 120 பேரிடம் "விளக்கா, கால்வாயா?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். விளக்கு ஜெயிக்கும். பிறகு தொட்டியிடம் தோற்கும். ஊருக்குத் தொட்டி வந்துவிடும்!

கால்வாயையும் தொட்டியையும் முதலில் மோதவிட்டால், கடைசியில் விளக்கு எரியும்.

யாரும் மனசு மாறவில்லை. கேட்ட வரிசைதான் மாறியது. அப்படியானால் ஊருக்கு எது வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? கேள்விகளை வரிசைப்படுத்தியவர்தானே!

இந்த விசித்திரத்தை 1785-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தவர், கண்டோர்செட் என்ற பிரெஞ்சுக் கணித மேதை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ல் சிறையிலே இறந்துபோனார்.

பெரியவர் பேசிவிட்டால்...

ஆட்களின் வரிசையும் இப்படித்தான்.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு சோதனை செய்து, 1951-ல் வெளியிட்டார். அட்டையில் இருக்கும் கோடுகளில் எவை சம நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும், ஏற்கனவே பேசி வைத்தபடி, ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். விஷயம் தெரியாத ஒருவர் மட்டும் பின்னால் இருந்தார். அப்படிப்பட்டவர்கள் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மற்றவர்கள் சொன்ன அதே தப்பு!

பதிலைத் தாளில் எழுதச் சொன்னபோது இந்தத் தப்பு வெகுவாகக் குறைந்தது.

மளிகைக் கடைக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் முன்வரிசையில் கை தூக்கிவிட்டால், பின்னால் நிற்கும் கூலிக்காரர் என்ன செய்வார்? அவருக்குக் கடன் பாக்கி இருக்கும். வாடகை பாக்கியும் இருக்கும்.

நமது ராணுவத்துக்கு இது தெரியும். ராணுவ கோர்ட்டில் தீர்ப்பு சொல்ல உட்காரும் அதிகாரிகள் வாய்மொழியாக ஓட்டுப் போடுவார்கள். பதவியில் சிறியவர் முதலில் சொல்ல வேண்டும் என்பது 1954-ம் ஆண்டு ராணுவ விதி. மேலதிகாரி வாயைப் பார்த்துச் சின்ன அதிகாரி பேசக்கூடாது அல்லவா?

பானைக்குள் கை

சரி, கையும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், மூன்று வேலைக்கும் ஒரே நேரத்தில் சீட்டுப் போடலாம் என்றால், நம் ஊரில் 40, 40, 40 என்று நின்றுவிடும்!

தேர்தலில் இரண்டு வேட்பாளர்கள் சம ஓட்டு வாங்கினால், 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி குலுக்கல்தான். சோழர் காலத்து உத்தரமேரூரில் சபை உறுப்பினர்களையே குடவோலை போட்டுத்தான் எடுத்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இருக்கின்றன. குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுக்க, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிடச் சொல்கிறது கல்வெட்டு.