எங்க மிளகு என்ன ஆகும், சார்?

கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பத்தாம் வகுப்புப் பொருளியலில் 'உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்' பாடத்தை ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். கரும்பலகையில் இரண்டு நாடுகளுக்கு இரண்டு வட்டங்கள், நடுவில் ஒரு சுவர். சுவரின் மேல் 'சுங்க வரி' என்று எழுதுவேன். பிறகு சுவரை அழித்துவிட்டு, "வரி குறைந்தால் விலை குறையும், வணிகம் பெருகும், இரண்டு நாடுகளும் வளரும்" என்று முடிப்பேன். பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எடுத்துக்காட்டாக இந்தியாவையும் இலங்கையையும் வரைந்து சுவரை அழித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், அங்கிருந்து வரி இல்லாம மிளகு வந்தா எங்க மிளகு என்ன ஆகும்?"

அவள் வீட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார்கள். மிளகு விற்ற பணத்தில்தான் அந்த வீட்டின் கடன் அடையும், அவள் அக்காவின் கல்லூரிச் செலவும் நடக்கும். நான் அழித்த சுவர் அவர்கள் வீட்டுச் சுவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். பதிலைத் தேடிப் படிக்க மூன்று வாரங்கள் ஆயின. படித்ததையும், அதன் பிறகு பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொண்டதையும் இங்கே பகிர்கிறேன்.

சுவர் அல்ல, வாசல்

இந்திய-இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 'தடையற்ற' என்ற சொல்லைப் பார்த்து எல்லாத் தடைகளும் ஒரே நாளில் நீங்கிவிட்டதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். ஒப்பந்தத்தின் விவரங்கள் வேறு மாதிரி இருந்தன.

முதலாவது, கால அவகாசம். பெரிய நாடான இந்தியா மூன்று ஆண்டுகளில் வரியை நீக்க ஒப்புக்கொண்டது. சிறிய நாடான இலங்கைக்கு எட்டு ஆண்டுகள் தரப்பட்டன. இரண்டாவது, சலுகை தரப்படாத பொருள்களின் பட்டியல். இந்தியா 429 வகைப் பொருள்களையும், இலங்கை 1,180 வகைப் பொருள்களையும் தத்தம் பட்டியலில் ஒதுக்கி வைத்தன. மூன்றாவது, அளவு வரம்பு. தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரைதான் சலுகை. மிளகுக்கும் பின்னர் வரம்பு வந்தது. ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லாமல் வரலாம், அதற்கு மேல் இந்தச் சலுகை இல்லை. பொதுவாக இறக்குமதியாகும் மிளகுக்கு இந்தியா விதித்த சுங்க வரி 70 விழுக்காடு. இதை வைத்துப் பார்த்தால் அந்த 2,500 டன் எவ்வளவு பெரிய சலுகை என்பது புரியும்.

ஆகவே இப்போது நான் சுவரை முழுதாக அழிப்பதில்லை. சுவரில் ஒரு வாசல் வரைகிறேன். வாசல் எவ்வளவு அகலம், எந்தப் பொருளுக்குத் திறக்கும், எப்போது திறக்கும் என்பதைப் பேசி முடிவு செய்வதுதான் வணிக ஒப்பந்தம்.

மிளகுக்கும் சான்றிதழ் உண்டு

வாசல் திறந்ததும் அடுத்த சிக்கல் வருகிறது. வருவது உண்மையிலேயே பக்கத்து நாட்டுப் பொருள்தானா?

நம் மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று வாங்க அலையாத பிள்ளைகள் கிடையாது. உதவித்தொகை யாருக்கு உரியதோ அவருக்கே போய்ச் சேரத்தான் சான்று கேட்கிறார்கள். அதுபோலப் பொருளுக்கும் பிறப்பிடச் சான்று உண்டு. வேறு நாட்டு மூலப்பொருளைக் கொண்டு செய்த பொருள் என்றால், அதன் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு இலங்கையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இந்த ஒப்பந்தத்தின் பொது விதி. இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தியிருந்தால் இலங்கையின் பங்கு 25 விழுக்காடு இருந்தாலும் போதும்.

விதி இருந்தும் சந்து கிடைத்தது. வனஸ்பதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாமாயிலுக்கு இந்தியாவில் இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. அதனால் வனஸ்பதி ஆலைகள் இலங்கையில் முளைத்தன. வெளிநாட்டுப் பாமாயில் அங்கே வனஸ்பதியாகி, வரியில்லாமல் இந்தியாவுக்கு வந்தது. இலங்கை இந்தியாவுக்கு அனுப்பிய பொருள்களின் மதிப்பு 2000இல் சுமார் ஐந்தரைக் கோடி டாலர். 2005இல் அது 50 கோடி டாலரைத் தாண்டியது. எண்ணைப் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு, இப்படி வரி வேறுபாட்டை நம்பி வளர்ந்த வனஸ்பதிக்கும் செம்புப் பொருள்களுக்கும் உரியது. இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று வரம்பு விதித்தது. வரிச் சூழலும் மாற, அந்த வணிகம் சுருங்கியது.

மிளகிலும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. உலகில் மிக அதிகமாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அங்கு விளைந்த மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருவதாக நம் விவசாயிகள் முறையிட்டார்கள். விலை சரிந்த நிலையில், 2017 டிசம்பரில் இந்திய அரசு மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. அதாவது, திறந்த வாசலுக்கு மறுபடியும் ஒரு கதவு போடப்பட்டது.

வரி இல்லை, வரிசை உண்டு

இதன் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தடைகள் எல்லாமே நல்லவை என்று நினைத்துவிடுவார்கள்.

சார்க் நாடுகள் 2004இல் இஸ்லாமாபாதில் தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2006இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் தெற்காசிய நாடுகள் செய்யும் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் செய்துகொள்வது சுமார் 5 விழுக்காடுதான் என்கிறது உலக வங்கி. தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளுக்குள் இது சுமார் 25 விழுக்காடு. ஒட்டி வாழும் நாடுகள் ஏன் இவ்வளவு குறைவாகக் கொடுத்து வாங்குகின்றன? அரசியல் பகை ஒரு காரணம். இன்னொரு காரணம் எல்லையில் ஆகும் தாமதம்.

மேற்கு வங்காளத்தின் பெட்ராபோலும் வங்கதேசத்தின் பேனாபோலும் எதிரெதிரே உள்ள எல்லை நிலையங்கள். அங்கே சரக்கு எல்லையைக் கடக்க 138 மணி நேரம் ஆவதாக உலக வங்கி 2021இல் குறிப்பிட்டது. அதில் 28 மணி நேரம், இந்திய லாரியிலிருந்து இறக்கி வங்கதேச லாரியில் ஏற்றுவதற்கே போகிறது. ஏறத்தாழ அதே அளவு சரக்கைக் கையாளும் கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது. ஒரு நாட்டு லாரி மற்ற நாட்டுக்குள் ஓடுவதற்காக வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் 2015இல் திம்புவில் ஓர் ஒப்பந்தம் செய்தன. பூட்டான் அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை.

நிற்கும் லாரிக்கும் வாடகை உண்டு. காத்திருக்கும் ஓட்டுநருக்குச் சாப்பாட்டுச் செலவு உண்டு. தக்காளி, மீன் என்றால் அழுகலும் உண்டு. இவை அனைத்தும் பொருளின் விலையில் ஏறுகின்றன. சுங்க வரியாவது அரசுக் கருவூலத்துக்குப் போகும். காத்திருப்பின் செலவு யாருக்கும் பயன்படாமல் போகிறது. எனவே தடைகளை இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்கிறேன். ஒன்று, யாரையோ காப்பதற்காகத் தெரிந்தே வைத்த தடை. மற்றது, யாரையும் காக்காமல் வெறும் வழக்கத்தால் நிற்கும் தடை. இரண்டாவதை நீக்கத் தயங்க வேண்டியதில்லை. முதலாவதை நீக்கும் முன், அது யாரைக் காத்தது என்று கேட்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்த்தது

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தேன்: கொல்லிமலை மிளகு விவசாயி, இலங்கையின் மாத்தளை மிளகு விவசாயி, நாமக்கல்லில் மசாலாப் பொடி அரைத்து விற்பவர், சுங்க அதிகாரி. '2,500 டன் வரம்பைக் கூட்டலாமா, குறைக்கலாமா?' என்பது கேள்வி. கேள்வி கேட்ட மாணவியை வேண்டுமென்றே மாத்தளைக் குழுவில் சேர்த்தேன். மாத்தளையிலும் கண்டியிலும் வீட்டுத் தோட்டத்தில் மிளகுக்கொடி வளர்க்கும் சிறு விவசாயிகள் நிறைய இருக்கிறார்கள் என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லியிருந்தேன்.

மசாலாக் குழு, "விலை குறைஞ்சா எங்களுக்கு நல்லது, வாங்குற எல்லாருக்கும் நல்லது" என்றது. கொல்லிமலைக் குழு, "உங்களுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபா மிச்சம், எங்களுக்கு வருச வருமானமே போச்சு" என்றது. நான் சொல்ல நினைத்ததை அவர்களே சொல்லிவிட்டார்கள். வணிகத்தால் வரும் நன்மை கோடிப் பேருக்குச் சிறு சிறு துளியாகப் பிரிகிறது. நட்டமோ சில வீடுகளின் தலையில் மொத்தமாக விழுகிறது. நன்மையின் கூட்டுத்தொகை பெரிதாக இருக்கலாம். ஆனால் அந்தச் சில வீடுகளுக்கு ஈடு என்ன என்பதற்கும் ஒப்பந்தம் போடுகிறவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக அந்த மாணவி எழுந்தாள். "எங்களுக்கும் கடன் இருக்கு. எங்க மிளகை வாங்கிக்குங்க. ஆனா எங்க பேரைச் சொல்லி வேற ஊர் மிளகு வந்தா அதை நிறுத்துங்க. அதனால உங்களுக்கும் நட்டம், எங்களுக்கும் கெட்ட பேர்" என்றாள். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு சுங்க அதிகாரிக் குழுவைப் பார்த்து எல்லாரும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

அன்று கூடுதலாக ஒரு செய்தியையும் சொன்னேன். நம் பக்கம் மிளகுக்கு இருக்கும் அதே அச்சம் அந்தப் பக்கம் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இருக்கிறது. இலங்கையில் அறுவடைக் காலத்தில் இவற்றின் இறக்குமதி மீது சிறப்புப் பண்ட வரியை உயர்த்துவது வழக்கம்.

இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் விளைவதை, நெய்வதை, பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த நாட்டிலிருந்து வருகிறது, எங்கே போகிறது, வரி எவ்வளவு என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு பாடவேளை கூடுதலாக ஆகும். ஆனால் பாடநூலின் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அவர்கள் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

"எங்க மிளகு என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு அவளிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "வாசல் எவ்வளவு திறக்குது, சான்றிதழை யார் சரியாப் பார்க்கறாங்க, நட்டம் வந்தா உங்க வீட்டுக்கு யார் கைகொடுக்கறாங்க, இந்த மூணையும் பொறுத்தது அம்மா." முழுப் பதில் இல்லைதான். "அப்போ அதை யார்கிட்ட கேக்கணும் சார்?" என்றாள். அடுத்த வாரம் குடிமையியல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.