சிப்பாய் வேண்டுமா, காவலர் வேண்டுமா?

நகரங்களுக்குப் போலீஸ்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் தேர்வு காலை அளக்கிறது, மார்பை அளக்கிறது, நினைவாற்றலை அளக்கிறது. தெருவில் தேவைப்படும் நிதானத்தை மட்டும் அளப்பதில்லை.

விடிவதற்கு வெகு நேரம் முன்பே மைதானத்துக்கு வெளியே வரிசை தொடங்கிவிடும். தோளில் ஒரு பை. அதற்குள் சான்றிதழ் நகல்கள், ஓடுவதற்கான காலணி, இரண்டு வாழைப்பழம். முந்தைய நாள் ரயிலில் வந்து இறங்கியவர்களில் பலர் நடைபாதையிலோ மேம்பாலத்தின் அடியிலோ படுத்து எழுந்தவர்கள். மும்பையில் போலீஸுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. மராத்தியில் இதற்கு 'போலீஸ் பர்தி' என்று பெயர். இதற்கென்றே சிற்றூர்கள்வரை பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சேரும் இளைஞர்கள் காலையில் ஓடுகிறார்கள், மாலையில் பொது அறிவு வினாக்களை மனப்பாடம் செய்கிறார்கள்.

இத்தனை பாடும் எந்தப் பதவிக்கு? கான்ஸ்டபிள் வேலைக்கு. காவல் துறையின் ஏணியில் அதுதான் கடைசிப் படி. 2018-ல் மும்பை மாநகரப் போலீஸில் 1,137 கான்ஸ்டபிள் இடங்களுக்குச் சுமார் 2 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்ற வேலைக்குப் பொறியாளர்களும் எம்.பி.ஏ. படித்தவர்களும் வரிசையில் நின்றார்கள். 2024-ல் மகாராஷ்டிரம் முழுவதுமாக 17,471 இடங்கள். விண்ணப்பங்களோ 17 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் 60,244 இடங்களுக்கு 48 லட்சம் பேர். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் 21,700 ரூபாய் அடிப்படைச் சம்பளம், அரசு வேலை என்ற நிம்மதி, சீருடை தரும் மரியாதை. நூறு பேர் மோதும் இடத்தில் தொண்ணூற்றொன்பது பேரை வீட்டுக்கு அனுப்ப ஏதாவது ஒரு சல்லடை வேண்டும். அந்தச் சல்லடையைப் பற்றித்தான் கேள்வி.

உயிரைக் குடித்த ஓட்டம்

2014 ஜூன். மும்பையில் கான்ஸ்டபிள் தேர்வுக்காக 5 கி.மீ. ஓட்டம் நடந்தது. மழை இன்னும் இறங்காத புழுக்கம். சில நாட்களுக்குள் குறைந்தது நான்கு இளைஞர்கள் மயங்கி விழுந்து இறந்துபோனார்கள். ஓடியவர்கள் நோயாளிகள் அல்ல. உடல் தகுதியை நிரூபிக்க வந்தவர்கள்.

இப்படி நடப்பதற்கு மர்மமான காரணம் எதுவும் தேவையில்லை. ஓடும் உடல் சூடாகிறது. வியர்வை காய்ந்தால்தான் அந்தச் சூடு வெளியேறும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை காய்வதில்லை. உள்ளுடலின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் தடுமாறத் தொடங்குகின்றன. சரியாக உறங்காமல், சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் பல மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு ஓடுகிறவருக்கு அந்த எல்லை இன்னும் அருகில் இருக்கிறது. மூச்சு முட்டும்போது நின்றுவிடு என்று உடல் சொல்லும். நின்றால் வேலை போய்விடும் என்று வீட்டு நிலைமை சொல்லும். பெரும்பாலும் வீட்டு நிலைமைதான் ஜெயிக்கும்.

மகாராஷ்டிரம் பாடம் கற்றுக்கொண்டது. 5 கி.மீ. ஓட்டம் விதிகளிலிருந்து நீங்கியது. இப்போது ஆண்களுக்கு 1,600 மீட்டர், பெண்களுக்கு 800 மீட்டர். ஆனால் பாடம் மாநில எல்லையைத் தாண்டவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், ஜார்க்கண்டில் கலால் துறைக் கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ. ஓட வேண்டும் என்று விதி இருந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அரசு தேர்வைச் சில நாட்கள் நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டுதான் விதி திருத்தப்பட்டு தூரம் 1.6 கி.மீ. ஆனது. போலீஸ் மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் உள்ள துறை; எனவே ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்தச் சாவுகளிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தூரம் மட்டுமே பிரச்சினை இல்லை. ஓட்டத்துக்கு மதிப்பெண் உண்டா என்பதும் முக்கியம். டெல்லிப் போலீஸில் இளைஞர்கள் 1,600 மீட்டரை 6 நிமிடத்திலும் இளம்பெண்கள் 8 நிமிடத்திலும் கடக்க வேண்டும். கடந்தால் தேர்ச்சி, அதற்கு மேல் வேகமாக ஓடுவதால் லாபம் எதுவும் இல்லை. மகாராஷ்டிரத்தில் அப்படியல்ல. உடல் தேர்வுக்கு 50 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 100. ஓட்டத்தில் சில விநாடி பிந்தினாலும் மதிப்பெண் குறையும். அரை மதிப்பெண்ணில் ஆயிரம் பேர் முந்தும் போட்டியில் அந்த விநாடிகள்தாம் தலையெழுத்து. குறைந்தபட்சத் தகுதி எது என்று கேட்பது ஒரு முறை. உயிரைக் கொடுத்து ஓடு என்று சொல்வது இன்னொரு முறை.

நாடா பொய் சொல்லாது

ஏன் இந்த அளவுகோல்கள்? டெல்லிப் போலீஸில் பொதுப் பிரிவு ஆணுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 168. மார்பு இவ்வளவு, விரித்தால் இவ்வளவு என்று கணக்கு. ஒரு சென்டிமீட்டர் குறைந்தவர் மோசமான போலீஸ்காரராக இருப்பார் என்று யாரும் நிரூபித்ததில்லை. ஆனாலும் நாடாவை அரசுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அது அவநம்பிக்கை.

ஒருவரை உட்காரவைத்துப் பேசி, இவர் இந்த வேலைக்குப் பொருத்தமானவரா என்று மதிப்பிடும் நேர்முகத் தேர்வில்தான் சிபாரிசு நுழைகிறது, சாதி நுழைகிறது, பணப் பை நுழைகிறது. கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வே வேண்டாம் என்று மத்திய அரசு 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒழித்ததற்குக் காரணம் அதுதான். மனிதர் தீர்ப்பளித்தால் சந்தேகம் வரும்; நாடாவும் கடிகாரமும் கணினியும் தீர்ப்பளித்தால் வராது. ஓடுகிறவரின் உடலில் மின்னணு அடையாளச் சில்லைக் கட்டி, நேரத்தை இயந்திரமே பதிவுசெய்யும் முறை பல மாநிலங்களில் வந்ததும் இதனால்தான்.

ஆனால் பணம் வேறு வாசலைத் தேடிக்கொண்டது. கர்நாடகத்தில் 545 சப்-இன்ஸ்பெக்டர் இடங்களுக்கு 2021 அக்டோபரில் எழுத்துத் தேர்வு நடந்தது. காதுக்குள் ப்ளூடூத் கருவி வைத்து விடை வாங்கியது, காலியாக விட்டுவந்த விடைத்தாள் வட்டங்களைப் பிறகு நிரப்பியது என்று புகார்கள் கிளம்பின. 2022 ஏப்ரலில் தேர்வே ரத்தானது. ஜூலையில், ஆள்சேர்ப்புப் பிரிவின் தலைவராக இருந்த கூடுதல் டி.ஜி.பி.யே கைதானார். மறுதேர்வு நடந்தது 2024 ஜனவரியில். நேர்மையாக எழுதியவர்களுக்கும் இரண்டே கால் ஆண்டு வீண்.

உத்தரப் பிரதேசத்தின் கதை இன்னும் பெரியது. அங்கே 2015-ல் எழுத்துத் தேர்வையே எடுத்துவிட்டு, பள்ளி மதிப்பெண்ணையும் ஓட்டத்தையும் வைத்து 34,716 பேரைத் தேர்ந்தெடுக்கப் புறப்பட்டார்கள். வழக்குகள் குவிந்தன. பின்னர் வந்த அரசு எழுத்துத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018-ல் அறிவிக்கப்பட்ட ஆள்சேர்ப்புகளுக்குப் பிறகு சில ஆண்டுகள் பெரிய அளவில் கான்ஸ்டபிள் தேர்வு நடக்கவில்லை. வயது கடந்துபோனவர்களுக்காக 2023 இறுதியில் 3 ஆண்டு சலுகை தரவேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் தேர்வு நடந்தது. வினாத்தாள் கசிந்துவிட்டது என்று ஒரே வாரத்தில் ரத்து. ஆகஸ்டில் ஐந்து நாட்களுக்குப் பிரித்து மறுபடியும் நடத்தினார்கள். தேறியவர்கள் கையில் 2025 ஜூனில் நியமன ஆணை வந்தது. வினாத்தாள் கசிவுக்கு எதிராக மத்தியச் சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்திருக்கிறது. நாடா பொய் சொல்லாதுதான். நாடாவைப் பிடிக்கும் கையை என்ன செய்வது?

கேட்கப்படாத கேள்வி

இதைவிட ஆழமான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முறைகேடே இல்லாமல் ஒரு தேர்வு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் தேறுகிறவர் யார்? வேகமாக ஓடக்கூடியவர், எண் கணக்கும் பொது அறிவும் தெரிந்தவர். அவர் செய்யப்போகும் வேலை என்ன? குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டுவது. காணாமல்போன குழந்தையின் தாய் அழுதுகொண்டு நிற்கும்போது புகாரை எழுதிக்கொள்வது. இரண்டு மதத்து ஊர்வலங்கள் எதிரெதிரே வரும் தெருமுனையில் லத்தியை எப்போது தூக்குவது, எப்போது தூக்காமல் இருப்பது என்று முடிவெடுப்பது. இந்தியக் காவல் படையில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள் நிலையில் இருப்பவர்கள். சாமானியருக்கு அரசாங்கம் என்றால் அவர்கள்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையில் அமைந்த 1902-03 போலீஸ் கமிஷன், இயந்திரம்போலச் செய்யக்கூடிய வேலைகளை மட்டுமே கான்ஸ்டபிளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கருதியது. காவல் நிற்பவன், கைதியை அழைத்துப்போகிறவன், உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவன். அப்படிப்பட்டவனுக்கு உயரமும் உரமும் போதும். சுதந்திர இந்தியாவில் 1977-ல் அமைந்த தேசியப் போலீஸ் கமிஷன் இந்தப் பார்வையை மறுத்தது. மக்களோடு நேரடியாகப் பழகும் கான்ஸ்டபிள் சுயமாகச் சிந்தித்து முடிவெடுக்க வேண்டியவர். அதற்கேற்ற ஆளையே எடுக்க வேண்டும் என்று 1979-ல் தந்த முதல் அறிக்கையிலேயே வலியுறுத்தியது. அறிக்கை வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தேர்வுக்களம் இன்னும் பெரும்பாலும் ஃப்ரேசரின் ஆளைத்தான் தேடுகிறது.

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசக் கான்ஸ்டபிள் தேர்வில் 150 வினாக்கள், 300 மதிப்பெண். அதன் பாடத்திட்டத்தில் மன இயல்புப் பகுதி ஒன்று உண்டு. சட்டத்தின் ஆட்சி, மத நல்லிணக்கம், சிறுபான்மையினரிடமும் நலிந்தவர்களிடமும் பரிவு, பெண்களை மதிக்கும் மனப்பாங்கு என்றெல்லாம் பட்டியல் இருக்கிறது. நல்ல நோக்கம். ஆனால் கேள்விக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எந்த விடைக்கு மதிப்பெண் என்பதைப் பயிற்சி நிலையம் சொல்லிக்கொடுத்துவிடும். பரிவு இருக்கிறதா என்று கேட்டால், பரிவு இல்லாதவரும் உண்டு என்ற வட்டத்தைத்தான் கறுப்பாக்குவார்.

மனத்தை அளக்கப் போனவர்கள்

நகராட்சிகளே சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்ளும் அமெரிக்காவில் இந்தச் சோதனை நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் போலீஸ் வேலைக்கு வந்தவர்களை உளவியலாளர் லூயிஸ் டெர்மன் நுண்ணறிவுச் சோதனைக்கு உட்படுத்தி, முடிவுகளை 1917-ல் வெளியிட்டார். இன்று அங்கே பல நகரங்களில் எழுத்துத் தேர்வு, ஓட்டம் தவிர, உளவியல் சோதனை, நேர்காணல், பழைய வேலையிடங்களிலும் அக்கம்பக்கத்திலும் விசாரணை எல்லாம் உண்டு.

அளவுகோல் பெருகினால் அறிவும் பெருகும் என்று சொல்லிவிட முடியாது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரம் 1990-களில் 50-க்கு 20 முதல் 27 மதிப்பெண் வரை வாங்கியவர்களை மட்டும் நேர்காணலுக்கு அழைத்தது. 33 வாங்கிய ஒருவருக்கு இடமில்லை. அதிக புத்திசாலிக்கு வேலை சலித்துப்போகும், பயிற்சிக்குச் செலவிட்ட பணம் வீணாகும் என்பது நகரத்தின் வாதம். அவர் வழக்குப் போட்டார். 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது. உளவியல் சோதனைகள் இருந்தும் அமெரிக்கப் போலீஸின் துப்பாக்கி தவறான ஆட்களைச் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு காலைப்பொழுதில் ஒருவரின் குணத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இன்னும் செய்யப்படவில்லை.

அப்படியானால் வழி? கருவி நம் கையிலேயே இருக்கிறது, பயன்படுத்துவதில்லை. தேர்வானவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி, அதன் பிறகு தகுதிகாண் பருவம் என்று விதிகள் உண்டு. பொருத்தமற்றவரை அனுப்பிவிடலாம் என்பதற்காக ஏற்பட்டதுதான் அந்தப் பருவம். பயிற்சியில் அணிவகுப்போடு, பொய்யான புகார் ஒன்றை நடித்துக்காட்டி எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கலாம். காவல் நிலையத்தில் சில மாதம் வேலை செய்யவைத்து, ஒருவர் அல்ல, பலர் தனித்தனியே மதிப்பிடலாம். ஒரே அதிகாரியின் கையில் தீர்ப்பு இல்லாவிட்டால் சிபாரிசுக்கும் இடம் குறையும். ஓட்டத்தை டெல்லியைப்போல வெறும் தகுதியாக வைத்து, விடியற்காலையில், தண்ணீரும் மருத்துவரும் பக்கத்தில் இருக்க நடத்தினால் யாரும் சாக வேண்டியதில்லை.

தேர்வு என்பது முதல் பாடமும்கூட. 2018 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், கான்ஸ்டபிள் வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வந்த இளைஞர்களின் வெற்று மார்பில் எஸ்.சி., எஸ்.டி. என்று எழுதிவைத்தார்கள். இட ஒதுக்கீட்டுக்கு ஏற்ப உயர அளவு மாறுவதால் குழப்பம் வராமலிருக்கவே அப்படிச் செய்தார்களாம். நாளை ஒரு தலித் குடும்பம் புகாரோடு காவல் நிலையப் படியேறும்போது எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதை அந்த இளைஞர்கள் அன்று எங்கிருந்து கற்றுக்கொண்டிருப்பார்கள்? நடைபாதையில் படுக்கவைத்து, பசியோடு ஓடவைத்து, வினாத்தாளை விற்றுத் தேர்ந்தெடுக்கும் அரசு, மக்களை மதியுங்கள் என்று பிறகு வகுப்பெடுத்து என்ன பயன்?

மகாராஷ்டிரத்தின் நியமன ஆணையில் இந்தப் பதவியின் பெயர் 'போலீஸ் ஷிபாயி'. இந்தி பேசும் ஊர்களில் 'சிபாஹி'. இரண்டும் நம் 'சிப்பாய்' என்ற சொல்லின் உறவுகள், பட்டாளத்துச் சொல். தமிழில் அதே பதவிக்குக் 'காவலர்' என்கிறோம். காப்பவர் என்று பொருள். பெயரை மாற்றுவது எளிது. ஓர் அரசாணை போதும். ஆளை எடுக்கும் முறை மாறாதவரை, எந்த மொழியில் அழைத்தாலும் தெருமுனையில் வந்து நிற்கப்போவது சிப்பாய்தான்.