வீட்டுச் செய்தியும் அதன் உரிமையாளரும்



பொங்கோலில் தன் ஐந்தறை வீட்டை விற்க நினைக்கும் ஒரு குடும்பம் காலையில் நாளிதழைப் பிரிக்கிறது. 'மில்லியன் வெள்ளிக்கு விலைபோன வீடு' என்ற தலைப்பு கண்ணில் படுகிறது. நம் வீட்டுக்கும் அந்த விலை கிடைக்குமோ என்று ஆசை பிறக்கிறது. வீடு தேடும் இளம் தம்பதியரோ அதே தலைப்பைப் பார்த்துக் கலங்குகின்றனர். அந்தச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பது, வாழ்நாள் சேமிப்பைத் தொடும் கேள்வி அல்லவா?

செய்தியை எடைபோட, அதை வெளியிடுபவர் யார் என்று முதலில் அறிய வேண்டும். 1984-ஆம் ஆண்டில் நாளிதழ் நிறுவனங்கள் இணைந்து சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் உருவாயிற்று. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் பின்னர் அதில் சேர்ந்தது. அந்நிறுவனம் சொத்துத் தொழிலிலும் ஈடுபட்டது. பொங்கோலுக்கு அண்டையிலுள்ள செங்காங்கில், சிலேத்தார் கடைத்தொகுதியின் பெரும்பங்கு அதனிடம் இருந்தது. வூட்லே வட்டாரத்தில் தனியார் அடுக்குமாடி வீடுகளையும் கூட்டாகக் கட்டி விற்றது. 2021 டிசம்பரில் நாளிதழ்கள் அதிலிருந்து பிரிந்து, லாப நோக்கமற்ற எஸ்பிஎச் மீடியா டிரஸ்டிடம் சென்றன. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளி வரை நிதி தருவதாக 2022-இல் அரசாங்கம் அறிவித்தது. ஒலி, ஒளிபரப்பு நடத்தும் மீடியாகார்ப், அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிற்குச் சொந்தம். வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் அரசாங்க அமைப்பே.

இதனால் செய்திகள் எல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வீடு கட்டுபவருக்கும் செய்தி தருபவருக்கும் தொடர்பு இருக்கும்போது, படிப்பவர் தாமும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, மொத்தத்தைக் கேளுங்கள். 2023-இல் மில்லியன் வெள்ளியை எட்டிய மறுவிற்பனை வீடுகள் சுமார் 470. அவ்வாண்டில் கைமாறியவையோ 26,000-க்கும் அதிகம். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை!

இரண்டாவது, பதிவைப் பாருங்கள். மறுவிற்பனை விலைகளைக் கழகமே இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் புளோக், மாடி, பரப்பளவு, எஞ்சிய குத்தகைக்காலம் ஆகியவற்றோடு ஒத்த வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று அங்கே காணலாம்.

மூன்றாவது, அறிவிப்பு வேறு, முடிந்த வேலை வேறு என்பதை மறவாதீர்கள். 'பொங்கோல் 21' திட்டம் 1996-இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது, வேலை தளர்ந்தது. 2007-இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டு, பொங்கோல் நீர்வழி 2011-இல்தான் திறக்கப்பட்டது. முதல் அறிவிப்பை நம்பி வீடு வாங்கியவர்கள் காத்திருந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நேயர்களே, நாளிதழைப் படியுங்கள். கையெழுத்திடும் முன் பதிவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.